கூட்ஸ் வண்டி நின்ற நேரம்

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் பேரனுக்கு ரயில் என்றால் உயிர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் தாழையூத்து நிலையத்து வேலியோரந்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எக்ஸ்பிரஸ் வண்டிகள் நம்மைக் கடந்து போயின. நமக்காக நின்றது கூட்ஸ் வண்டிதான். ஒற்றைப் பாதையாக இருந்த அக்காலத்தில், எதிரே வரும் பயணிகள் வண்டிக்கு வழிவிட அதை லூப் லைன் என்னும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், எஞ்சினை ஆற அமரப் பார்க்க நமக்கு வாய்த்தது. மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின், ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பு; பின்னர் வாரணாசியிலேயே செய்தார்கள். சும்மா நிற்கும்போதும் நம் காலடிச் சரளைக்கல் அதிரும்.

கைகாட்டி இறங்கியதும் டிரைவர் விசையைக் கூட்ட, கரும்புகை குபுகுபுவென்று எழும். அதன் காரணத்தை உன் பேரனுக்குச் சொல். டீசல் உடனே கூடிவிடும். ஆனால் காற்றை உள்ளே தள்ளும் டர்போ, எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தால் சுழல்வதாகையால், அது முடுக்கம் பெறும்வரை காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரியும். சக்கரத்தைச் சுழற்றுவதும் நேரடியாக டீசல் அன்று. அது ஜெனரேட்டரை ஓட்ட, அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் இழுத்தன. இன்று நம் பாதையில் ஓடும் மின்சார எஞ்சின் கம்பியிலிருந்து பெறுவதை, நம் எஞ்சின் தானே உண்டாக்கிக்கொண்டது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடுகிறது.

பிறகு அந்த இழுப்பு, சிமெண்ட் தூசி படிந்த பெட்டிகளின் கொக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு, டடக் டடக்கென்று கார்டு பெட்டிவரை போய்ச் சேரும். கடைசிப் பெட்டி அசைவதற்குள் எஞ்சின் சற்று நகர்ந்திருக்கும் என்பதை முதலில் கவனித்துச் சொன்னவன் நீதான்.

1981இல் நாகர்கோவில் அகலப்பாதை திறந்த பிறகு, நெல்லை ஜங்ஷனில் இருவகைப் பாதைகளையும் ஒருசேரப் பார்த்தோம். பெரிய எஞ்சின் கம்பீரமானதுதான். ஆனாலும் என் மனம் சிறியதையே நாடியது. செங்கோட்டை மலைப்பாதையிலும் 2010இல் மீட்டர் கேஜ் நின்று, 2018இல் அகலப்பாதை வந்துவிட்டது.

ஆனித் தேரோட்டத்திற்குப் பேரனை அழைத்துக்கொண்டு வா. மறுநாள் பகல் வண்டியில் மூவரும் செங்கோட்டை வழியாகப் புனலூர்வரை போவோம்; ஆரியங்காவு குகைகளைத் தாண்டி வரும் பதின்மூன்று கண் பாலத்தை அவன் பகலிலேயே பார்க்க வேண்டும். எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது, டிக்கெட் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தோழன்