வசூலை விடுங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சினிமா பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். ஒரே திரை, 200 இருக்கை, அவ்வளவுதான் என் தியேட்டர். எந்தப் பெரிய குழுமத்தோடும் சேராமல் தனியாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு குறை சொல்லத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை ஆனால் 'மூன்றே நாளில் இத்தனை கோடி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்துவிடுகிறது. அந்தக் கோடி வரி சேர்த்தா, வரி போகவா, விநியோகஸ்தருக்குப் போன ஷேரா, இல்லை டிவிக்கும் ஓடிடிக்கும் விற்ற பணத்தையும் சேர்த்துச் சொன்னதா என்பது செய்தியில் இருக்காது. சொன்னது யார் என்றும் இருக்காது. பெரும்பாலும் படம் எடுத்தவர்கள் தரப்பில் விட்ட போஸ்டரில் இருப்பதுதான் மறுநாள் செய்தியாகிறது. தியேட்டர் நடத்துகிற எங்களுக்கே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிவதில்லை, படிக்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போடுங்கள். முடிந்தால் எத்தனை காட்சியில், மொத்தம் எத்தனை இருக்கையில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வட அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். அங்கே இந்த நூற்றாண்டில் டிக்கெட் அதிகம் விற்ற வருஷம் 2002, ஏறக்குறைய 157 கோடி டிக்கெட். வசூலில் உச்சம் தொட்டதோ 2018, கிட்டத்தட்ட 1,190 கோடி டாலர். அந்த 2018-இல் விற்ற டிக்கெட் 130 கோடியை ஒட்டித்தான் இருந்தது. அதாவது 16 வருஷத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலான கூட்டம் கழன்றுபோயிருக்கிறது, ஆனால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போனதால் பேப்பரில் வந்தது 'வரலாறு காணாத வசூல்'. தொழில் வளர்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது தியேட்டருக்குள் ஆள் குறைந்துகொண்டிருந்தது. பணத்தை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

பிரிட்டனில் தலையை எண்ணுகிற பழக்கம் பல காலமாக இருக்கிறது, அதனால்தான் அங்கே நடந்தது இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. 1946-இல் 163 கோடி தடவைக்கு மேல் மக்கள் தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள், ஆளுக்கு வருஷத்துக்கு 30 தடவைக்கு மேல் வரும். 1984-இல் அது வெறும் 5.4 கோடி. முதலில் டிவி, அப்புறம் வீடியோ கேசட் என்று ஒவ்வொன்றாக வந்து கூட்டத்தைத் தின்றுவிட்டன, தியேட்டர்களும் பராமரிப்பில்லாமல் பாழாய்க் கிடந்தன. மறுவருஷம் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் அந்த நாட்டின் முதல் மல்டிப்ளெக்ஸ் திறந்தது, அங்கிருந்து மெல்ல ஏறி 2019-இல் 17.6 கோடிக்கு வந்து நின்றது. இந்த ஏற்ற இறக்கத்தை வசூல் கணக்கில் தேடினால் விலைவாசிதான் கிடைக்கும்.

சரி, என் தியேட்டருக்கு வருகிறேன்.

கணினியில் டிக்கெட் அடிக்கிற காலம்தான், ஆனாலும் நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, காட்சி, விற்ற டிக்கெட், கிழித்த டிக்கெட், உள்ளே இருந்த தலை, குறிப்பு என்று ஆறு கட்டம். விற்றதும் கிழித்ததும் ஒன்றுதானே என்று புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். ஒன்றில்லை. ஆன்லைனில் வாங்கிவிட்டு வராமல் இருப்பவர்கள் எப்போதும் உண்டு, மழை பெய்தால் இன்னும் கூடுதல். அது போக, ஒரு படத்தை ஓடுகிற மாதிரி காட்ட மொத்தமாக டிக்கெட் வாங்கிவிடுகிற வேலையும் நடக்கிறது. கணினியில் சீட்டு எல்லாம் சிவப்பாக இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் நாலு வரிசை காலி. வசூல் கணக்கில் அது ஹவுஸ்ஃபுல். பார்த்தவர்கள் கணக்கில் இல்லை.

அதனால்தான் வாசலில் கிழிக்கிற பாதியை டப்பாவில் போட்டு இடைவேளையில் எண்ணுகிறோம். அது போதாதென்று எங்கள் ஆபரேட்டர் படம் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துக் கடைசி வரிசைக்குப் பின்னால் வந்து நிற்பார். இருட்டுக் காட்சியில் எண்ண முடியாது. திரையில் பகல் வெளிச்சம் வருகிற இடம் ஒவ்வொரு படத்திலும் எங்கே என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த அரை நிமிஷத்துக்குள் வரிசை வரிசையாக எண்ணி முடித்துவிடுவார். மடியில் குழந்தை இருந்தால் அதை எண்ணுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. நான் எண்ணக் கூடாது என்கிற கட்சி. அழுகிற குழந்தையை எண்ண வேண்டும் என்பது அவர் கட்சி.

ரோல் டிக்கெட் இருந்த காலத்தில் இது இன்னும் எளிது. காட்சிக்கு முன்னால் ரோலின் முதல் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், கவுன்டர் மூடியதும் கடைசி எண், கழித்தால் ஆள் கணக்கு. படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து அதைச் சரிபார்த்து டிசிஆர் என்கிற அன்றாட வசூல் அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். இப்போது பெட்டியும் இல்லை, கூட வருகிற ஆளும் இல்லை. படம் ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட் வழியாகவோ வருகிறது. கேடிஎம் என்கிற சாவிக் கோப்பு எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பூட்டைத் திறந்துவிடுகிறது, அந்த நேரம் தாண்டினால் சர்வர் படத்தை ஓட்டாது. எத்தனை மணிக்குப் படம் ஓடியது என்பதை அந்த சர்வரே பதிவு செய்து வைத்துக்கொள்ளும், ஆக, எத்தனை காட்சி ஓடியது என்பதற்குப் பக்காவான ஆதாரம் இருக்கிறது. எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது மட்டும் அந்த சர்வருக்குத் தெரியாது. இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும் அதற்கு ஆள்தான் வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தத் தலைக்கணக்கு ஏன் உயிர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் பணத்தில் முதலில் வரி போகும். மீதியில் முதல் வாரம் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு, இரண்டாம் வாரம் அவர் பங்கு கொஞ்சம் குறையும், மூன்றாம் வாரம் இன்னும் குறையும். எங்கள் கைக்கு நல்ல சதவீதம் வருகிற நேரத்தில் படம் ஓடுவதே நின்றிருக்கும், அது வேறு கதை. மின்சாரம், ஏசி, புரொஜெக்டர் விளக்கு, ஆள் சம்பளம் இதெல்லாம் உள்ளே 5 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும் ஒன்றுதான். ஒரு சின்ன தியேட்டரைத் தூக்கி நிறுத்துவது கேன்டீனும் பார்க்கிங்கும். அது இரண்டும் டிக்கெட் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பார்ப்பதில்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் பார்க்கும். டிக்கெட் விலையை ஏற்றி 80 பேரிடம் வாங்குகிற பணமும் விலையைக் குறைத்து 150 பேரிடம் வாங்குகிற பணமும் வசூலில் சமமாக இருக்கலாம். எனக்குச் சமம் இல்லை. அந்த 150 பேரில் வெளியே போகும்போது போஸ்டரைப் பார்த்து 'அடுத்த வாரம் இதுக்கு வரலாம்' என்று சொல்கிறவர்கள் அதிகம்.

வாரத்துக்கு 28 காட்சி என்று வையுங்கள், 5,600 இருக்கை. அதில் வருஷம் முழுக்க சராசரியாகக் கால்வாசி நிரம்பினாலே நான் நிம்மதியாகத் தூங்குவேன். வெளியே இருப்பவர்கள் இதைக் கேட்டால் நம்புவதில்லை, ஹவுஸ்ஃபுல் போர்டைத்தான் எல்லோருக்கும் தெரியும், செவ்வாய்க்கிழமை மேட்னியை யாருக்கும் தெரியாது.

இரண்டு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று வெள்ளிக்கிழமை காட்சிக்கு 180 பேரோடு தொடங்கி, திங்கட்கிழமை காட்சிக்கு 20 பேருக்கு விழுகிறது. இன்னொன்று வெள்ளிக்கிழமை 35 பேர், சனி 50, ஞாயிறு 70, திங்கட்கிழமையும் 45 பேர். மூன்று நாள் வசூலை மட்டும் பார்க்கிறவருக்கு முதல் படம் ஹிட், இரண்டாவது படம் தோல்வி. நோட்டைப் பார்க்கிற எனக்கு இரண்டாவது படம்தான் வேண்டும், ஏனென்றால் பார்த்துவிட்டுப் போனவர்கள் பேசுகிறார்கள் என்று அந்தத் திங்கட்கிழமை 45 சொல்கிறது. அந்தப் படத்தைப் பகல் காட்சியிலிருந்து மாலைக் காட்சிக்கு மாற்றினால் மூன்று வாரம் ஓடும். ஆனால் திங்கட்கிழமை காலையில் உங்கள் பேப்பரில் முதல் படத்துக்கு எட்டுப் பத்தித் தலைப்பும் இரண்டாவது படத்துக்கு ஒன்றும் இல்லாமலும் வந்துவிட்டால், வியாழக்கிழமைக்கு அப்புறம் அதற்குக் காட்சி கொடு என்று நான் யாரிடம் வாதாடுவது? சாவி நீட்டித்துக் கேட்டால் 'அதான் ஓடலையே சார்' என்கிறார்கள். சின்னப் படம் எடுப்பவர்களும் சின்ன தியேட்டர் நடத்துபவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

செய்ய முடியாத ஒன்றைக் கேட்கவில்லை. பிரான்ஸில் 1946-இல் தொடங்கிய சிஎன்சி என்ற அரசு அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு தியேட்டரும் விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டையும் அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும், சட்டமே அப்படி. அங்கே புதுப்படம் புதன்கிழமை வரும், ஒரு படம் ஓடியதா இல்லையா என்பதை இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்றுதான் பேசுவார்கள், பணத்தைச் சொல்வது இரண்டாம்பட்சம். 2019-இல் 21.3 கோடி, 2024-இல் 18.1 கோடி என்று நாடு முழுவதற்குமான கணக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. டிக்கெட்டில் பிடிக்கிற 10.72 சதவீத வரி திரும்பவும் சினிமாவுக்கே போகிறது, அதில் தியேட்டரைப் புதுப்பிக்கவும் உதவி கிடைக்கிறது. தன் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வதில் அங்கே தியேட்டர்காரருக்கே லாபம் இருக்கிறது, கணக்கு ஒழுங்காக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தென்கொரியாவிலும் ஆள் கணக்குதான். தியேட்டர்களின் டிக்கெட் கணினிகளை எல்லாம் ஒன்றாக இணைத்து, திரைப்படங்களுக்கான அரசு மன்றம் தினமும் எண்ணிக்கையை வெளியிடுகிறது. சுமார் 5 கோடி மக்கள் உள்ள நாட்டில் ஒரு கோடி பேர் பார்த்த படம் என்பதுதான் பெரிய கௌரவம். அங்கே மட்டும் தில்லுமுல்லு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆளே வராத நள்ளிரவுக் காட்சிகளில் டிக்கெட் விற்றதாகக் காட்டி எண்ணிக்கையை ஊதிவிட்டார்கள் என்று 2023-இல் போலீஸ் பல நிறுவனங்களில் புகுந்து விசாரித்தது. ஆனால் அது எப்படிப் பிடிபட்டது என்று பாருங்கள். காட்சி நேரமும் இருக்கை எண்ணிக்கையும் பொதுவில் இருந்ததால், நடுராத்திரி எப்படி இத்தனை காட்சி நிரம்பியது என்று வெளியில் இருப்பவர்களே கேட்க முடிந்தது. 200 இருக்கையில் 201 பேரை உட்கார வைக்க யாராலும் முடியாது. கோடிக் கணக்குக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் தரப்பிலேயே இதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆள் கணக்கு வெளியே போனால் பக்கத்துத் தியேட்டர்காரன் பார்ப்பான், வரிக்காரர் பார்ப்பார், நில உரிமையாளர் வாடகையை ஏற்றுவார் என்று பயப்படுகிறார்கள். வரி தனியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பக்கத்துத் தியேட்டர்காரர் எங்கள் வாசலில் நிற்கிற வண்டியை எண்ணியே கணக்குப் போட்டுவிடுவார், நானும் அதையேதான் செய்கிறேன்.

எல்லாத் தியேட்டரும் தருகிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தர விரும்புகிற பத்து இருபது பேரிடம் தொடங்குங்கள், தியேட்டர் பெயர் வேண்டாம், படத்தின் பெயர், காட்சி எண்ணிக்கை, மொத்த இருக்கை, வந்தவர்கள் என்று நாலு பத்தி உள்ள ஒரு சின்ன அட்டவணை, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் கீழ்மூலையில் போதும். வசூல் செய்தியை நிறுத்தச் சொல்லவில்லை, அது வரி சேர்த்ததா இல்லையா, சொன்னது யார் என்பதை மட்டும் கூடவே எழுதுங்கள்.

என் தியேட்டரின் கணக்கை வாராவாரம் வியாழக்கிழமை இரவுக் காட்சி முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன். விற்றது, கிழித்தது, உள்ளே இருந்தது மூன்றும் தனித்தனியாக இருக்கும், எதை அச்சிடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒற்றைத் திரை தியேட்டர் நடத்தும் உங்கள் வாசகன்