பீர் என்பதை அடித்துவிட்டுக் கோக் என்று எழுதியவர்

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு உள்ளூரிலேயே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், அலைச்சல் மிச்சம். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. எண்ணெய், ஒத்தடம், மாத்திரை எல்லாம் ஆயிற்று. நான் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்தில் விடுவதாயில்லை. அவ்வப்போது கூப்பிட்டு நூலகத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

உன் பேத்தி எப்போது பார்த்தாலும் கொலை, கடத்தல் என்று இங்கிலீஷ் த்ரில்லராகவே படிக்கிறாள், பிள்ளைகளுக்குப் போய் இப்படி எழுதுகிறவர்கள் என்ன மாதிரி ஆட்களோ என்று கேட்டிருந்தாய். எல்லோரையும் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருவரைப் பற்றி மட்டும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். லோயிஸ் டங்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி. இன்றைக்கு உன் பேத்தி படிக்கிற வகைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர்.

1934-ல் பிலடெல்பியாவில் பிறந்து, புளோரிடாவில் சரசோட்டாவில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவரும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். பத்து வயதிலேயே கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அக்கம்பக்கத்தில் மெக்கின்லே கான்ட்டர் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார், பின்னாளில் புலிட்சர் பரிசு வாங்கியவர். இந்தப் பெண் தன் கதையை அவரிடம் காட்டியிருக்கிறாள். படித்துவிட்டு, "இது குப்பை, தூக்கிப் போடு, உனக்குத் தெரிந்ததை எழுது" என்கிற மாதிரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். நானாக இருந்தால் அதோடு பேனாவை மூடியிருப்பேன். அவள் போய், பல்லுக்குக் கம்பியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்ட, குண்டான, கூச்சப்படுகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள், அதாவது தன்னைப் பற்றியே. பதின்மூன்று வயதில் விலைபோன முதல் கதை அதுதான்.

அப்புறம் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம், படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம், பிள்ளைகள். இளம் பெண்களுக்காக எழுதிய முதல் நாவலை ஒரு பதிப்பகப் போட்டிக்கு அனுப்பினார். கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பாய்: கதையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பீர் குடிக்கிறான். இவர் பீர் என்ற சொல்லை அடித்துவிட்டுக் கோக் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆயிரம் டாலர் பரிசு கிடைத்தது, 1958-ல் புத்தகமும் வந்தது.

இதே போல இன்னொன்று. 1974-ல் வந்த ஒரு பேய்க் கதையில், விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்களை இறந்துபோன கலைஞர்களின் ஆவிகள் பிடித்துக்கொள்ளும். ஆவிகளெல்லாம் ஆண்கள், மாட்டிக்கொள்வதெல்லாம் பெண்கள், இது சரிப்படாது என்று பதிப்பகம் திருப்பி அனுப்பியது. பெண்ணுரிமைப் பேச்சு சூடாக இருந்த காலம். ஒரு ஆண் கவிஞரின் ஆவியை எடுத்துவிட்டு எமிலி பிராண்டே என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளரின் ஆவியைப் போட்டார், ஏற்றுக்கொண்டார்கள். பதினாறு வருஷத்தில் பதிப்பாளரின் பயம் பீரிலிருந்து பெண்ணுரிமைக்கு வந்துவிட்டது பார்! இவர் சண்டைக்குப் போகவில்லை. கேட்டதை மாற்றிக் கொடுத்துவிட்டு, தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். பிழைக்கத் தெரிந்த எழுத்தாளர்.

பிழைப்பு என்றால் நிஜமாகவே பிழைப்பு. முதல் கல்யாணம் முறிந்து, மூன்று பிள்ளைகளோடு நியூ மெக்சிகோவில் ஆல்புகெர்க்கி நகரத்துக்குப் போனார். வாழ்த்து அட்டைக்கு வாசகம், "என் வாழ்வில் நடந்தது" வகைப் பத்திரிகைகளுக்கு இட்டுக்கட்டின வாக்குமூலக் கதைகள், கட்டுரை என்று காசு வருகிற எதையும் விட்டதில்லை. 1965-ல் மறுமணம், இன்னும் இரண்டு பிள்ளைகள். பட்டம் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் பத்திரிகை எழுத்து கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்துக்கொண்டே மாணவியாகவும் சேர்ந்து 1977-ல் பட்டம் வாங்கினார்.

த்ரில்லருக்கு வந்தது 1966-ல். பள்ளிப் பேருந்தில் போகிற பிள்ளைகளைக் கடத்துகிற கதை. இது உங்கள் பாணி இல்லை என்று பழைய பதிப்பகம் கைவிரித்துவிட, வேறு இடத்தில் போட்டார். அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர்கள் தருகிற எட்கர் விருதின் இறுதிப் பட்டியல் வரை அது போனது. அதன் பிறகு இருபது வருஷத்துக்குமேல் இந்த வகைதான்.

பேத்தி பார்த்தேன் என்று சொன்ன சினிமா, அதுதான் கையில் கொக்கியோடு ஒருவன் துரத்துவானே, 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்', அது இவருடைய 1973 நாவலை வைத்து 1997-ல் எடுத்தது. ஆனால் நாவலில் கொக்கியும் இல்லை, துரத்துகிற மீனவனும் இல்லை. நாலு பிள்ளைகள் காரில் வருகிறார்கள், இருட்டில் சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பையன்மேல் மோதிவிடுகிறார்கள். நிற்காமல் போய், பெயர் சொல்லாமல் ஆம்புலன்சுக்கு ஒரு போன். பையன் பிழைக்கவில்லை. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நாலு பேரும் சத்தியம் செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த நாலு பேரில் ஒருவர்கூடச் சாவதில்லை, தெரியுமா? நாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிப் படித்த மாத நாவல்களில் முதல் பக்கத்திலேயே பிணம் விழும். இவர் புத்தகத்தில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கூட்டுக்களவாணிகளாகிக் காலையில் எழுந்து, பல் விளக்கி, பள்ளிக்கூடம் போவதைப் படிக்கும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

1978-ல் வந்த 'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' இதைவிட ஒரு படி மேல். கண்டிப்பான ஆங்கில வாத்தியாரைச் சும்மா பயமுறுத்தத்தான் மாணவர்கள் கடத்துகிறார்கள். இதய நோய்க்கான மாத்திரை கைக்கு எட்டாமல் அவர் செத்துப்போகிறார். எல்லோரையும் இனிக்க இனிக்கப் பேசி இழுத்துவிடுகிற மார்க் என்ற பையன் இருக்கிறானே, அவனை யாரைப் பார்த்து எழுதினார் தெரியுமா? தன் மூத்த மகளின் முதல் காதலனைப் பார்த்து! அம்மாக்கள் கண்ணில் படாதது எது? அந்தப் புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி எத்தனையோ பெற்றோர் மனுப் போட்டார்கள். 1990-களில் அதிக எதிர்ப்பு வாங்கிய நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் அதுவும் இருக்கிறது. இத்தனைக்கும் அதே சங்கம்தான் 1992-ல் இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதையும் இவருக்குக் கொடுத்தது.

இனிமேல் எழுதப்போவதைப் பேத்தியிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். 1989-ல் இவருடைய ஒரு நாவல் வந்தது. கொலைகாரனுக்குத் தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. அதன் நாயகியைத் தன் கடைசி மகளின் சாயலில் எழுதியிருந்தார். அதே வருஷம் ஜூலை 16-ஆம் தேதி இரவு, பதினெட்டு வயதான அந்த மகள் தோழி வீட்டிலிருந்து காரில் திரும்பும்போது ஆல்புகெர்க்கியில் தலையில் சுடப்பட்டாள். மறுநாள் உயிர் போய்விட்டது.

யாரோ வழியில் போகிறவன் சுட்டது என்று போலீஸ் சொன்னது. இரண்டு இளைஞர்களைப் பிடித்தார்கள், வழக்கு நிற்கவில்லை. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மகளுடைய சிநேகிதனைச் சுற்றி ஒரு காப்பீட்டு மோசடி இருந்தது, அதைத் தெரிந்துகொண்டதால்தான் கொன்றார்கள் என்று நம்பினார். துப்பறிவாளர்களை வைத்தார், குறி சொல்கிறவர்களிடமும் போனார். அதற்கு ஐந்து வருஷம் முன்புதான், காணாமல் போன பிள்ளைகளை மனக்கண்ணால் பார்த்துப் போலீசுக்கு உதவும் பெண்ணைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார்! தேடியதையெல்லாம் 1992-ல் புத்தகமாக்கினார், 2013-ல் இன்னொன்று. துப்புக் கிடைக்காத கொலைகளால் தவிக்கிற மற்றக் குடும்பங்களுக்காகவும் கணவரோடு சேர்ந்து உழைத்தார். பதின்ம வயதினருக்கான த்ரில்லர் 1997-ல் வந்த ஒன்றோடு சரி. ஆபத்தில் மாட்டிய பெண்பிள்ளையைக் கற்பனை செய்ய மனம் வரவில்லை என்றார். பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு நாய்க் கதை எழுதினார்.

அந்தச் சினிமா வந்ததும் இந்த நிலையில்தான். பாப்கார்னோடு தியேட்டரில் போய் உட்கார்ந்தவருக்குத் திரையில் ஓடுவது தன் கதைதான் என்பதே பிடிபடவில்லையாம். பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்தவள் நான், கொடூரச் சாவைப் பார்த்துக் கீச்சிட்டுச் சிரிக்க என்னால் முடியாது என்று பேட்டிகளில் கொதித்திருக்கிறார். படம் ஓடு ஓடு என்று ஓடியது, அது வேறு விஷயம்.

2015-ல் அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர்கள் அவருக்கு கிராண்ட் மாஸ்டர் என்ற உச்ச விருதைக் கொடுத்தார்கள். 2016 ஜூனில் 82 வயதில் புளோரிடாவில் காலமானார். 2021-ல் ஒருவன், அவருடைய மகளைச் சுட்டது நான்தான் என்று போலீசிடம் ஒப்புக்கொண்டான். அதே ஊரில் வேறு பெண்களையும் கொன்றதாகச் சொன்னான். சம்பவம் நடந்த இரவில் போலீஸ் வந்தபோதே அந்த இடத்தில் நின்றவனாம். அந்த அம்மா அத்தனை வருஷம் கோத்து வைத்திருந்த மோசடிக் கதை வேறு மாதிரி.

எனக்கு இதில் ஒரு எண்ணம் உண்டு, உனக்குச் சரியாகப் படுமோ என்னவோ. காரணம் இல்லாமல் ஒரு கொலை என்று இவர் நாவல் எழுதியிருந்தால் எந்தப் பதிப்பாளரும் போட்டிருக்க மாட்டார். முப்பது வருஷமாகக் காரணத்தோடு கதை பின்னிய கைக்கு, சொந்த வீட்டில் நடந்ததற்குக் காரணம் இல்லை என்று எப்படித் தோன்றும்? அவர் பிடிவாதத்தைச் சிலர் குறை சொல்லி எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. போலீஸ் ஒழுங்காக விசாரித்திருந்தால் அவர் எதற்குக் குறிகாரர் வீட்டுக்குப் போகிறார்?

ஆகவே பேத்தி படிக்கட்டும், தடுக்காதே. கிரிஃபின் கதையை முதலில் கொடு. ஒன்று மட்டும் கவனி: 2010 வாக்கில் இவருடைய பழைய நாவல்களை மறுபதிப்பு போட்டபோது, இந்தக் காலப் பிள்ளைகளுக்காக அவரே உட்கார்ந்து திருத்தினார். வியட்நாம் போர் ஈராக் போர் ஆயிற்று, உடையெல்லாம் மாறிற்று, எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. செல்போன் இருந்தால் ஆபத்தில் ஒரு போன் போட்டால் முடிந்தது, த்ரில்லர் எங்கே நிற்கும்? அதனால் சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று அதை ஒழித்துக்கட்டவே ஆங்காங்கே மெனக்கெட வேண்டியிருந்தது. பழைய பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கு. கிடைக்காவிட்டால் சொல், எங்கள் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பிரதி இருக்கிறது, தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். பதில் போடு.

அன்புடன்,
மாலதி