திரையில் தெரியாத குணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26ஆம் நாள் நடந்த அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில், உடல் தேறாத ரிச்சர்ட் நிக்சன் வெளிறித் தோன்ற, ஜான் கென்னடியின் பொலிவே பார்த்தவர்கள் மனத்தில் பதிந்தது. ஆனால் அந்தப் பொலிவுக்குப் பின்னால் அட்ரினல் சுரப்பியைப் பாதிக்கும் அடிசன் நோய் இருந்தது. அவருடைய தரப்பு அதை அப்போது மறுத்தது. நிக்சனோ, பின்னாளில் அதிபராகி, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் விவகாரத்தில் உண்மையை மறைத்து 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். இருவரைப் பற்றியும் வாக்காளர் அறிந்திருக்க வேண்டியதை அன்றைய திரை காட்டவில்லை என்பதே என் வருத்தம்.

அதிபர் வேட்பாளர் நேர்மையும் நன்னடத்தையும் நற்பெயரும் உடையவர் என்று அதிபர் தேர்தல் குழு மனநிறைவு அடைய வேண்டும் என நம் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டம் வகுத்துள்ளது. நாட்டின் நிதி இருப்புக்கு இரண்டாவது சாவியை வைத்திருப்பவரிடம், அதாவது கடந்தகால இருப்பை அரசாங்கம் எடுக்க ஒப்புதல் தரவேண்டிய அதிபரிடம், இதை எதிர்பார்ப்பது மிகச் சரி. ஆயினும் 2023 தேர்தலின்போது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடியவர்கள் காணொளிகளையும் சின்னங்களையும் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அது எனக்குக் கவலையளித்தது.

அடுத்த அதிபர் தேர்தலின்போது, ஒவ்வொரு வேட்பாளரும் முன்பு வகித்த பொறுப்புகளில் எடுத்த கடினமான முடிவுகளையும், பெரும்பான்மையோடு உடன்படாமல் நின்ற தருணங்களையும் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்