லா மெர் கிரீம் வாங்கலாமா என்று கேட்ட கவிதாவுக்கு

அன்புள்ள கவிதாவுக்கு,

அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனிடம் லா மெர் என்ற விலையுயர்ந்த முகக் கிரீம் வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். 60 மில்லி டப்பாவுக்கு அங்கே 300 டாலருக்கு மேல் ஆகும் என்பதால், பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலை முதலில் படித்துவிடு.

தீக்காயம் பட்ட தம் முகத்துக்காக மாக்ஸ் ஹூபர் என்ற இயற்பியலாளர் 12 ஆண்டுகளில் 6,000 சோதனைகள் செய்து, கடற்பாசியைப் புளிக்கவைத்து இதைக் கண்டுபிடித்தார் என்று நிறுவனம் கதை சொல்கிறது. பாசிச் சாறு பட்டியலின் தலையில் நிற்பதும் மெய்தான். ஆனால் சாறு என்றால் அதிலுள்ள தண்ணீரும் சேர்த்தே கணக்கு; பாசி எவ்வளவு என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்குக் கீழே மினரல் ஆயில், பெட்ரோலாட்டம், கிளிசரின், மெழுகு என்று வருபவைதாம் தோலைக் காப்பவை: கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, 1872இலேயே காப்புரிமை பெற்ற வாஸ்லினாகிய பெட்ரோலாட்டம் அந்த ஈரம் ஆவியாகாமல் மூடிவிடுகிறது. 1911இல் ஹாம்பர்க்கில் பிறந்த நிவியாவின் நீல டப்பாவிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான் இருக்கிறது.

ஆகவே வாங்கினால் சிறிய டப்பாவாக வாங்கி, நிவியாவோடு மோதவிட்டுப் பார். இரண்டையும் ஒரே மாதிரிச் சிமிழ்களில் அம்மா நிரப்பட்டும். எது எதுவென்று உனக்குத் தெரியக் கூடாது, ஏனென்றால் விலை தெரிந்த கண் பளபளப்பைத் தானே கண்டுபிடித்துவிடும். மணத்தை வைத்து நீ ஊகித்துவிடக் கூடும் என்பதால், தீர்ப்புச் சொல்லும் வேலையை, எந்தக் கன்னத்தில் எது என்று தெரியாத தோழியிடம் விடு. இடக் கன்னத்துக்கு ஒன்று, வலக் கன்னத்துக்கு ஒன்று என்று சில வாரங்கள் இரவில் மட்டும் பூசு. ஒருக்களித்துப் படுக்கிறவள் ஆதலால் பாதியில் இரண்டு கிரீம்களையும் கன்னம் மாற்றிப் பூசு. எந்தக் கிரீமும் பூசியவுடன் ஈரத்தால் மெல்லிய சுருக்கங்களை உப்பவைத்து மறைக்கும் என்பதால், காலையில் முகம் கழுவிச் சற்று நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

லா மெரில் யூகலிப்டஸ் எண்ணெயும் வேறு வாசனைப் பொருள்களும் இருப்பதால், முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துவிடு. லா மெரை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்து, வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனபின் முகத்தில் ஒற்றும் அந்தச் சடங்கு சுகமானதுதான். அதற்காக வாங்குகிறேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தோலுக்காகத்தான் என்றால், அந்தப் பணத்தில் ஆண்டு முழுவதற்கும் நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம்.

அன்புடன்,
சித்தி