அந்தமானில் உயிர்விட்ட மூவர்

ஆசிரியருக்கு,

அந்தமான் செல்லுலார் சிறை என்றதும் கைதிகள் செக்கிழுத்த கதையைத்தான் பலரும் சொல்கிறார்கள். 1933-ல் அங்கே நடந்த உண்ணாவிரதம் பற்றிப் பேச்சே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

சாப்பிடக்கூடிய சோறு, அறையில் விளக்கு, படிக்கப் புத்தகம். அரசியல் கைதிகள் கேட்டவை இப்படிப்பட்டவைதான். வெள்ளையர் அரசோ அவர்களை அமுக்கிப் பிடித்து, மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலை ஊற்றியது. பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங்குக்கு அந்தப் பால் நுரையீரலுக்குள் போய் உயிரே போனது. மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் அதே போராட்டத்தில் இறந்தார்கள். 1937-ல் மறுபடியும் உண்ணாவிரதம். அப்புறம்தான் அரசியல் கைதிகளைத் தாய்நிலத்துச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

1906-ல் கட்டி முடித்த சிறை அது. கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்று, ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் பின்சுவரைப் பார்க்கும்படி கட்டினார்கள். ஏழு வரிசைகளில் இன்று மிஞ்சியவை மூன்றுதான்.

மிஞ்சியதைப் பார்க்க நம் ஊரிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். பள்ளிப் பாடத்தில் இந்த மூவருக்காக ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், திருநெல்வேலி