வெள்ளிக்கிழமை பூச்சி மியூசியம் போறோமுங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏழாவது, எட்டாவது படிக்கற பிள்ளைங்க வீட்டுக்குத்தான் இந்த லெட்டர்.

வர்ற வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல இருக்கற பூச்சி மியூசியத்துக்குப் போறோம்னு டைரில எழுதி விட்டதுல இருந்து போன் வந்துட்டே இருக்குங்க. "டீச்சர், பூச்சி பாக்கறதுக்கு காசு குடுத்து பஸ்ல போகோணுமா, எங்க தோட்டத்துக்கு வாங்க, ஓசிலயே காட்டறேன்"னு ஒரு அப்பா சொன்னாரு. சிரிச்சுட்டேன், ஆனா அவருக்குத்தான் முதல் பதில்.

2008ல நம்ம பக்கம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டு வாசல்ல இருந்த செம்பருத்தி வரைக்கும் வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு மாவுப்பூச்சி வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? மருந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனோம், அது மேல மெழுகு மாதிரி மாவு இருக்கறதால மருந்து உள்ள எறங்காது, சாகறது என்னமோ நல்லது பண்ற பூச்சிங்கதான். அது நம்ம ஊர்ப் பூச்சியே இல்லைங்க, மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தது. அந்தப் பக்கம் அத அடக்கி வைக்கற குளவி இருக்கு, கண்ணுக்கே சரியா தெரியாத சைஸு, மாவுப்பூச்சி உள்ளயே முட்டை வச்சிரும். 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து அந்தக் குளவிய வரவழைச்சு, இங்க பல்கலைக்கழகத்துலயும் பெருக்கி விவசாயிங்க கையில குடுத்தாங்க, பூச்சி அடங்கிருச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி வந்திருக்கறது எந்தப் பூச்சின்னு சரியா பேர் சொல்லோணுமில்லீங்களா? பேர் தப்பாப் போனா குளவியும் தப்பாப் போயிரும். அதுக்குத்தான் பூச்சிய ஊசில குத்தி பெட்டில வச்சு, எந்த ஊரு, எந்தத் தேதி, எந்தச் செடி, யாரு புடிச்சதுன்னு குட்டியா லேபிள் எழுதி வைக்கறாங்க. என்னக் கேட்டா பட்டாம்பூச்சி கலர விட அந்த லேபிளத்தான் பிள்ளைங்க குனிஞ்சு படிக்கோணும். இப்பப் பல்கலைக்கழகமா இருக்கற அந்த விவசாயக் காலேஜ் சென்னை சைதாப்பேட்டைல இருந்து கோயமுத்தூருக்கு வந்தே நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இத்தனை வருசமா பூச்சிப் பெட்டிங்கள அங்க படிக்கறவங்களும் வாத்தியாருங்களும்தான் பாத்துட்டு இருந்தாங்க, 2018ல மியூசியம் திறந்தப்பறம்தான் நாம எல்லாம் டிக்கெட் எடுத்து உள்ள போக முடியுது. ரொம்ப லேட்டுன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு, பூச்சியக் குடுத்தது நம்ம காடு தோட்டந்தானுங்களே.

அதனால விவசாயம் பாக்கற அப்பா அம்மா மூணு நாலு பேரு எங்ககூட வாங்க. தென்னைல சுருள் வெள்ளை ஈ, சோளத்துல படைப்புழுன்னு உங்களுக்குத் தெரிஞ்சத அங்கயே பிள்ளைங்களுக்குச் சொல்லலாம், கேக்கறதயும் கேட்டுக்கலாம். சனிக்கிழமை காலைல அந்த அப்பாவோட தோட்டத்துக்கும் வர்றோமுங்க, ஓசின்னு சொன்னது அவருதான். பிள்ளைங்க பூச்சியப் புடிக்க மாட்டாங்க, பாத்து லேபிள் மட்டும் எழுதுவாங்க.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு பஸ் கெளம்பும், புளிசாதமோ தயிர்சாதமோ கட்டி விடுங்க, தண்ணி பாட்டில் மறக்க வேண்டாம். அப்பறம் தீப்பெட்டில பொன்வண்டு போட்டு யாரும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி விடுங்க, போன வருசம் ஒண்ணு தப்பிச்சு என் டேபிள் மேல ஏறி, நான் சேர் மேல ஏறுனத எட்டாவது பி செக்ஷனே பாத்துச்சு.

இப்படிக்கு,
தலைமையாசிரியை