உமிழ்திறனோடு வெப்பநிலையையும் தாருங்கள்

துருவப் பகுதிகளின் நுண்ணலை உமிழ்திறன் தரவுகளை வெளியிடும் ஆய்வுக் குழுக்களுக்கு,

வணக்கம். உமிழ்திறனை (அதே வெப்பநிலையில் ஒரு முழுக் கரும்பொருள் உமிழ்வதில் தரை எவ்வளவு பங்கை உமிழ்கிறது என்ற, ஒன்றைத் தாண்டாத விகிதம்) கணக்கிட எந்த வெப்பநிலையை எடுத்தீர்கள் என்பதையும் அதே கோப்பில், புள்ளிக்குப் புள்ளி, கொடுங்கள். கேட்பது இதுதான்.

செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது கதிர்வீச்சு மட்டுமே. அதில் வளிமண்டலத்தின் பங்கைக் கழித்து, தரையின் வெப்பநிலையால் வகுத்தால் (வானிலிருந்து வந்து தரையில் பட்டுத் திரும்பும் கதிர்வீச்சுக்கான திருத்தம் தனி) உமிழ்திறன் வரும். அண்டார்டிகாவின் உட்பகுதியில் காற்று மிக வறண்டது; கழிப்பது அவ்வளவு கடினமில்லை. எதால் வகுப்பது என்பதில்தான் சிக்கல்.

அண்டார்டிகப் பீடபூமியில் உள்ள டோம் சி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 1.4 கிகாஹெர்ட்ஸில், செங்குத்து முனைவாக்கத்தில், ஒளிர்வு வெப்பநிலை (வரும் கதிர்வீச்சின் அளவை வெப்பநிலையாகச் சொல்வது) சுமார் 207 கெல்வின். ஆண்டு முழுவதும் பெரிதாக அசையாது. குளிர்கால இரவில் பனியின் மேல்தோல் மைனஸ் 70 டிகிரிக்கு, அதாவது 203 கெல்வினுக்கு இறங்கும். வகுத்தால் 1.02! ஒன்றுக்கு மேல் உமிழ்திறன் எங்கே இருக்கிறது? அந்த அலை வருவது மேல்தோலிலிருந்து அல்ல, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து. அதிர்வெண் கூடக்கூட இந்த ஆழம் குறையும். 89 கிகாஹெர்ட்ஸில் மேலடுக்குப் பனிதான் பேசும். ஆக, ஒரே இடத்துக்கு அலைவரிசைக்கு ஒரு வெப்பநிலை. ஆனால் பெரும்பாலும் வானிலை மாதிரியின் மேல்தோல் வெப்பநிலையையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம்.

ஒன்றுக்கு மேல் போனால் தவறு கண்ணில் படும். 0.79 வர வேண்டிய இடத்தில் 0.82 வந்தால் யாருக்குத் தெரியும்?

“வானிலை முன்கணிப்பில் இது ஓடுகிறதே” என்பீர்கள். சரி. தரையை நன்கு காணும் 50.3 கிகாஹெர்ட்ஸில் கண்ட உமிழ்திறனை, காற்றின் வெப்பநிலையை அளக்கும் 52.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும்போது, இரண்டிலும் அதே வெப்பநிலை இருந்தால் பிழை பெருமளவு கழிந்துவிடும். உங்கள் எண்ணை வேறொருவர் தம் மாதிரியின் வெப்பநிலையோடு பெருக்கும்போதுதான் கணக்கு கெடும். அண்டார்டிகப் பீடபூமி முழுவதிலும் ஆண்டு முழுவதும் ஆட்கள் தங்கும் நிலையங்கள் அமுண்ட்சென்-ஸ்காட், வஸ்தோக், கான்கார்டியா மூன்றே; பிழையைத் தரையில் சரிபார்க்கவும் வழி குறைவு.

அப்புறம், பனியைக் கண்ணாடிபோல் பிரதிபலிப்பதாக எடுத்தீர்களா, எல்லாத் திசையிலும் சிதறடிப்பதாக எடுத்தீர்களா என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். நேர்கீழே பார்க்கும் கோணங்களில் 50 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இது நன்றாகவே வித்தியாசம் காட்டும். நேர்கீழிலிருந்து 55 டிகிரி அருகே சாய்ந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது.

பழைய தொகுப்புகளையும் இப்படித் திருத்தி மறுவெளியீடு செய்யக் கேட்கவில்லை. அடுத்த பதிப்பிலிருந்து போதும்.

இப்படிக்கு,
உங்கள் தரவைப் பயன்படுத்தும் ஒருவன்